ஒலியும் உடைமையும்

இசையை ஒருவர் உடைமையாகக் கொள்ள முடியுமா என்னும் வினா, ஒலிப்பதிவு தோன்றுவதற்கு முன் எழுந்திருக்கவே இயலாது. ஏட்டில் பாட்டை எழுதிவைக்கலாம், பாடகரைக் கொடையளித்து அரண்மனையில் இருத்திக்கொள்ளலாம். ஆனால் இன்று பாடிய பாட்டை நாளைக்கென்று எடுத்துவைக்க எந்த மன்னனாலும் இயன்றதில்லை. கிராமபோன் தட்டு வந்த பின்னரே, ஒலி என்பது விலைபேசவும் அடுக்கிவைக்கவும் பிறர் கண்ணில் படாமல் பூட்டிவைக்கவும் கூடிய பொருளாயிற்று. அத்தகைய பொருள்களில் மிக அரியவற்றைத் தேடிச் சேர்ப்பதில் ஒரு வாழ்நாளையே செலவிடுவது, தமிழ்நாட்டுச் சமயங்கள் பற்று என்று இனங்கண்டு விலக்கச் சொன்ன நிலைதானா, அல்லது அதனுள் அன்பின் கூறு ஏதேனும் உண்டா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. பெரியகுளத்திலிருந்து தெற்கே கம்பம் வரை நீளும் பள்ளத்தாக்கில், இந்தக் கேள்விக்குத் தேவையான சான்றுகள் வியப்பூட்டும் அளவுக்கு அருகருகே கிடைக்கின்றன: பண்ணைப்புரத்தில் ஓர் இசையமைப்பாளர் பிறந்த வீடு, உத்தமபாளையத்தில் உடைமையே வேண்டாம் என்ற முனிவர்களின் மலை, குச்சனூரில் விதியின் கடுமையைத் தணித்துக்கொள்ள மக்கள் நாடிச் செல்லும் சனீஸ்வரர் கோயில்.

இசைத்தட்டு சேகரிப்பவர்களிடையே மிகுந்த மதிப்புப் பெற்றவை ‘தனியார் அச்சு’ எனப்படும் தட்டுகள். பெரிய நிறுவனம் எதுவும் முன்வராத நிலையில், பாடியவர்களே கைப்பணம் கொடுத்துச் சில நூறு படிகளோ அதற்கும் குறைவாகவோ அச்சிட்டு, நண்பர்களுக்கும் அண்டையிலுள்ளோருக்கும் கொடுத்தவை அவை. அவற்றிலும் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் முற்பகுதியிலும் வெளிவந்த சைகடெலிக் தொகுப்புகளைத்தான் சேகரிப்போர் மிகுதியாகத் தேடுகின்றனர். சைகடெலிக் என்பது, மனத்தின் வழக்கமான எல்லைகள் கரைந்துபோவதாகத் தோன்றும் அனுபவத்தை ஒலியில் உருவாக்க முனைந்த இசைப்போக்கைக் குறிக்கும். போதைப்பொருளின் தூண்டுதலும், அரைகுறையாகக் கேள்விப்பட்ட இந்திய யோகத்தின் கவர்ச்சியும் அதில் கலந்திருந்தன. ஒரு தட்டின் பாடல்கள் அனைத்தும் உதிரிகளாக நில்லாமல் ஒரே கருத்தின் படிகளாக அமைந்தால் அதனைக் கருத்துத் தொகுப்பு என்பர்.

இங்கிலாந்தில் 1969இல் ஃபாரெவர் ஆம்பர் என்னும் குழு ‘தி லவ் சைக்கிள்’ என்ற கருத்துத் தொகுப்பை 99 படிகள் மட்டும் அச்சிட்டது. நூறாவது படி அச்சாகியிருந்தால் அன்றைய விற்பனை வரி பாய்ந்திருக்கும் என்பதே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். அதே காலத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், யோகி பஜனிடம் குண்டலினி யோகம் பயின்றவரும் சைவ உணவகம் ஒன்றை நடத்தியவருமான ஜேம்ஸ் பேக்கர், ஃபாதர் யாட் என்னும் பெயரில் ஒரு சமயக் குடும்பத்தின் தலைவரானார். வைகறைத் தியானம் முடிந்ததும் அவருடைய குழுவினர் முன்னேற்பாடில்லாமல் வாசித்தவை 1973 முதல் தட்டுகளாக அச்சிடப்பட்டு அந்த உணவகத்திலேயே விற்கப்பட்டன. 1975இல் அவர் இறந்தார், குடும்பம் கலைந்தது, தட்டுகள் சேகரிப்போரின் தேடுபொருள் ஆயின. ஒரு தட்டின் அருமை வரிவிதியால் நேர்ந்தது, மற்றொன்றின் அருமை ஒரு சிறு சமயக் குழுவின் ஒதுங்கிய வாழ்வால் நேர்ந்தது. இரண்டிலும் அருமை என்பது இசையின் பண்பு அன்று, சூழ்நிலையின் விளைவு என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்த அலையின் நேரடித் தடம் ‘சிம்லா பீட்’ தொகுப்புகள். இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் சிம்லா என்னும் சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடத்திய போட்டியில் தேர்ந்த இளைஞர் குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் இரு தட்டுகளாக வந்தன. சென்னைக் குழுக்களும் அவற்றில் இடம்பெற்றன. இவற்றின் மதிப்பு பெரும்பாலும் வரலாற்று மதிப்பே. சிந்தனையின் ஆழத்தைக் கொண்டு பார்த்தால், தமிழ்நாட்டில் கருத்துத் தொகுப்பு என்று கூறத் தகுந்த முதன்மையான படைப்பு, பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்பதேயாகும். அது நிறுவனம் வெளியிட்ட தட்டு, தனியார் அச்சன்று. போதையனுபவத்தோடு அதற்கு உறவும் இல்லை. ஆயினும் திரைப்படத்தின் தேவையிலிருந்து முற்றிலும் விலகி, தியாகராஜருக்கும் யோகான் செபாஸ்டியன் பாஃகுக்கும் காணிக்கையாக, வி. எஸ். நரசிம்மனின் வயலினை முன்னிறுத்தி அமைந்த அந்தத் தொகுப்பு, தலைப்புகளாலேயே ஒரு தத்துவ உரையாடலை நடத்துகிறது. 1750இல் மறைந்த பாஃகும் 1767இல் பிறந்த தியாகராஜரும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்ததே இல்லை; அவர்களை ஓரிடத்தில் கூட்டிவைக்கும் அத்தொகுப்பில் ‘யூ கேனாட் பி ஃப்ரீ’, ‘இட் இஸ் ஃபிக்ஸ்ட்’, ‘டூ எனிதிங்’ என்னும் தலைப்புகள் வருகின்றன. விடுதலை இல்லை என்கிறது ஒன்று. எல்லாம் விதிக்கப்பட்டது என்கிறது அடுத்தது. எதையும் செய் என்கிறது இன்னொன்று. வெறும் சொல்விளையாட்டாக இவற்றைக் கொள்வதற்கில்லை. திருக்குறள் ஊழ் என்று ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமும் வைத்து இரண்டையும் ஒருங்கே நிலைநிறுத்திய அதே சிக்கல்தான் இங்கே வயலினுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

தட்டைச் சேர்ப்பவர் எதைச் சேர்க்கிறார் என்பதை அறிய, ஒலி நிலையானதா நிலையற்றதா என்னும் பழைய வழக்கிற்குப் போக வேண்டும். மீமாம்சகர், அதாவது வேதச் சொல்லின் அதிகாரத்தை ஆராய்ந்து நிறுவ முயன்றவர்கள், சொல்லொலி என்றும் உள்ளது என்றும் பேசுபவரின் மூச்சு அதனை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது என்றும் கொண்டனர். நியாய நூலாரோ ஒலி உண்டாக்கப்படுவது, ஆகவே அழிவது என்றனர். ஆகாயத்தின் குணமாகிய அது, குளத்தில் ஓர் அலை அடுத்த அலையை எழுப்பிவிட்டுத் தான் மறைவதைப்போல அடுத்த ஒலியைப் பிறப்பித்துவிட்டு மடிகிறது என்று அவர்கள் விளக்கினர். வீசிதரங்க நியாயம் என்பது அதன் பெயர். பௌத்தரும் ஒலி நிலையற்றது என்னும் பக்கத்தையே சார்ந்தனர். இந்த வழக்கு வடமொழிக்கு மட்டும் உரியதன்று. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் மணிமேகலை, அறவண அடிகள் அளவையியலைக் கற்பிக்கும் பகுதியில், சத்தம் அநித்தம், ஏனெனில் அது செய்யப்படுவது என்னும் வாதத்தையே எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்பக் கையாளுகிறது. தமிழ்க் காப்பியம் ஒன்றில் ஒலியின் நிலையாமை அளவையியல் பாடமாக நிற்பது, இசையை நேசிக்கும் எவரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

இந்த வழக்கில் இசைத்தட்டு எந்தப் பக்கத்துக்குச் சாட்சி? மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு, மறைந்த பாடகரின் குரல் மீண்டும் கேட்பதால், ஒலி அழியவில்லை என்று தோன்றும். உண்மையில் தட்டில் ஒலி சிறிதும் இல்லை. தட்டில் இருப்பது மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் ஒற்றை வரி. முள் அதன்மேல் ஊர்ந்து அதிர, அந்த அதிர்வு பெருக்கப்பட, ஒவ்வொரு முறையும் புதிய ஒலி ஒன்று பிறந்து உடனே மடிகிறது. நேற்றுக் கேட்டதும் இன்று கேட்பதும் ஒரே ஒலியன்று, ஒரே காரணத்தின் இரு விளைவுகள். ஆகவே தட்டு காத்துவைப்பது ஒலியை அன்று, ஒலி மீண்டும் பிறப்பதற்கான ஏதுவை மட்டுமே. இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு: முள் ஓடுந்தோறும் வரி சிறிது தேய்கிறது. அரக்கினால் செய்யப்பட்ட பழைய 78 சுற்றுத் தட்டுகளில் எஃகு முள்ளையே ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டியிருந்தது. 1948இல் அறிமுகமான, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் வினைல் நீள்தட்டில் தேய்வு குறைவேயன்றி இல்லாமற் போகவில்லை. கேட்பதே தேய்ப்பது என்பதால், சேகரிப்பவர்கள் ‘மின்ட்’ என்று போற்றும் நிலை, அதாவது அச்சுக்கூடத்திலிருந்து வந்த மேனிக்கு மாசுபடாத நிலை, யாரும் கேளாத நிலைக்கு மிக நெருங்கியது. கேட்கப்படுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று கேட்கப்படாமல் இருப்பதால் விலை உயர்கிறது என்பது, அவாவின் இயல்பை அறிய முனைவோருக்குப் பெரிய பாடம்.

இசையே கடவுள், ஆகவே இசையைச் சேர்ப்பது கடவுட் செயல் என்று இதற்கு விடை சொல்பவர் உண்டு. நாதப் பிரம்மம் என்னும் தொடர் மேடைகளில் எளிதாக வழங்குகிறது. ஆனால் சைவ சித்தாந்தம் இந்த எளிமையை ஏற்பதில்லை. உலகத்துக்கு முதற்காரணமாகிய மாயையில் மலம் கலவாத பகுதி சுத்த மாயை எனப்படும். அதிலிருந்து முதலில் தோன்றும் தத்துவம் நாதம். அதன் வழியே மிக நுண்ணிய சூக்குமை வாக்கு முதல் பைசந்தி, மத்திமை என்று இறங்கிச் செவிக்குக் கேட்கும் வைகரி வரை சொல் உருப்பெறுகிறது. நாதம் எவ்வளவு உயர்ந்த படியாயினும் மாயையின் காரியமே, அறிவற்ற சடமே. இறைவன் அதனைக் கருவியாகக் கொள்பவன், அதற்கு அப்பாற்பட்டவன். முத்திநிலையை நாதாந்தம், அதாவது நாதத்தின் முடிவு, என்று வழங்குவதன் கருத்தும் இதுவே. இந்த நோக்கில் செவிக்குக் கேட்கும் இசை ஏணியின் கடைசிப் படியைச் சேர்ந்தது. தட்டோ அந்த வைகரி விட்டுச்சென்ற சுவடு மட்டுமே. சித்தாந்தம் இதனால் இசையை இழிவுபடுத்தவில்லை. தேவாரம் பாடப்படாத சைவம் ஏது? படியை வீடாகக் கருதிவிடாதே என்று மட்டுமே அது எச்சரிக்கிறது, அந்த எச்சரிக்கை சரியானது.

எனில் சேகரிப்போரின் பற்று முழுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா? அப்படிச் செய்வது நேர்மையன்று. அவர்களுடைய உள்ளத்தில் மூன்று விருப்பங்கள் பின்னிக் கிடக்கின்றன: இசைமேல் விருப்பம், அந்த இசையைத் தாங்கிய பழம்பொருளின்மேல் விருப்பம், பிறரிடம் இல்லாதது தன்னிடம் உள்ளது என்பதன்மேல் விருப்பம். இவற்றைப் பிரித்தறிய உத்தமபாளையம் உதவுகிறது. அங்கே கருப்பணசாமி கோயிலையொட்டிய பாறையில் பார்சுவநாதர், மகாவீரர் முதலிய தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துப் பொறிப்புகளும் உள்ளன. உடையையும் துறந்த முனிவர்களின் சமயம் ஒருகாலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றியிருந்ததற்கு அவை சான்று. அச்சமயத்தின் ஐந்து நோன்புகளுள் ஒன்று அபரிக்கிரகம். இல்லறத்தாருக்கு அது முழுத்துறவாகச் சொல்லப்படாமல், மிகுபொருள் விரும்பாமை என்னும் அளவோடு வகுக்கப்பட்டது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தை வரையறுக்கும்போது பொருளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மூர்ச்சை என்கிறது, அதாவது பொருளின்மேல் அறிவழிந்து மயங்கிக் கிடத்தல். ஆயிரம் தட்டுகள் உடையவர் மயங்காதிருக்கலாம், ஒன்றே உடையவர் மயங்கியிருக்கலாம்.

அந்த மயக்கத்தை வெளிப்படுத்தும் உரைகல் ஒன்று உண்டு, அது மறுவெளியீடு. ஃபாதர் யாட் குழுவின் தட்டுகள் 1998இல் ஜப்பானில் ஒரு பெரும் குறுந்தகட்டுத் தொகுதியாக மறுபடி வெளிவந்தன. ஃபாரெவர் ஆம்பரின் தொகுப்பும் பின்னர் மறுவெளியீடு கண்டது. 99 பேரிடம் இருந்தது எவரும் வாங்கக் கூடியதாகும் அந்த நாளில் ஒரு சேகரிப்பாளரின் நெஞ்சில் என்ன நிகழ்கிறது? தான் நேசித்ததைப் பலரும் கேட்கப்போகிறார்கள் என்று மகிழ்பவரிடம் இருந்தது இசைமேல் கொண்ட அன்பு. தன் படியின் தனிச்சிறப்புக் குறைந்துவிட்டதே என்று வருந்துபவரிடம் இருந்தது சித்தாந்தம் ஆணவம் என்று பெயரிட்ட மலம். அந்த மலம் யான் எனது என்னும் எண்ணமாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். அதற்கு இசை ஒரு சாக்கு மட்டுமே, நாணயமோ வைரமோ கிடைத்திருந்தாலும் அதே வேலையைச் செய்திருக்கும். இரு விருப்பங்களும் ஒரே நெஞ்சில் ஒரே வேளையில் எழுவதும் உண்டு. அப்போது எது மிகுகிறது என்பதே கணக்கு.

பழம்பொருளின்மேல் கொள்ளும் நடுவிருப்பத்தைத் தள்ளிவிடுவது எளிதன்று. முதல் அச்சில் உள்ளது மறுவெளியீட்டில் வருவதில்லை என்று சேகரிப்போர் கூறும்போது அவர்கள் பொய்யுரைக்கவில்லை. அந்த உறையை ஒட்டிய கை, அந்த வைகறையில் விழித்திருந்தவர்களின் கை. அந்தத் தட்டு அந்தக் காலத்தில் உடனிருந்தது. படியெடுக்கக் கூடிய காலத்தில் கலைப்பொருள் தன் ஒளிவட்டத்தை இழக்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதினார். ஆனால் இங்கே, படியாகவே பிறந்த ஒன்று காலத்தால் தனக்கென ஓர் ஒளிவட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சைவருக்கும் வைணவருக்கும் இது அயலான கருத்தன்று, கல்லும் செம்பும் பூசனைக்குரிய திருமேனியாகும் என்பதை ஏற்றவர்கள் அவர்கள். பெரியகுளத்தில் வராக நதிக்கரையில் உள்ள பாலசுப்பிரமணியரின் திருமேனி அங்கு மட்டுமே உள்ளது, அதற்குப் படி இல்லை. எனினும் அந்த ஒருமை எவருடைய பெருமைக்கும் கருவியாவதில்லை. கதவு திறந்தவுடன் அது வந்தவர் அனைவருக்கும் உரியதாகிறது. திருமேனியை ஒருவர் தம் இரும்புப் பெட்டியில் வைத்தால் அதனைக் களவு என்றுதான் ஊர் சொல்லும். அரிய பொருளின் புனிதம் காட்சிக்கு உரியதாய் இருப்பதில் நிற்கிறது. தட்டுக்கும் இதே நெறியைப் பொருத்தினால், பழம்பொருள் விருப்பம் குற்றமாகாது, அதற்கு ஒரு கடமை உடன்வருகிறது.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இந்தக் கடமையை எவரும் மறக்க முடியாதபடி சொல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத உணவுக்கலமாகிய அமுதசுரபியைச் சிந்தாதேவியிடமிருந்து பெற்ற அவன், கப்பல் தன்னை விட்டுச் சென்றதால் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே அகப்பட்டான். உலகில் வேறெங்கும் இல்லாத கலம் கையில் இருந்தது, ஆனால் உண்பதற்கு மக்கள் இல்லை. தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ அவன் விரும்பவில்லை. கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். சேகரிப்பு எனும் செயலின் உள்ளே இருக்கும் முழு அறமும் அந்தத் தீவில் தெளிவாகிறது. பதிவான இசை அமுதசுரபியின் இயல்புடையது. ஒருவர் கேட்பதால் இன்னொருவருக்குக் குறையாது. குறைவது தட்டின் வரி மட்டும், அதாவது கலத்தின் மேனி மட்டும். கலத்தின் மேனியைக் காப்பதற்காக உணவை மறுப்பவர் ஆபுத்திரனுக்கு நேர் எதிரானவர்.

பள்ளத்தாக்கின் ஊர்களில் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவர்களின் தட்டுகள் இந்த அளவுகோலால் பார்க்கும்போது வேறொரு மதிப்புப் பெறுகின்றன. திருமண வீட்டிலும் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவிலும் ‘ரேடியோ செட்’ கட்டி, குழாய் ஒலிபெருக்கியில் ஊர் முழுதும் கேட்கப் பாடவைத்த தட்டுகள் கீறலும் தேய்வும் உடையவை. 1980களில் ஒலிநாடா பரவிய பின் அவை மூலையில் ஒதுங்கின. சந்தையில் அவற்றுக்கு விலை குறைவு. ஆனால் ஒரு தட்டு தன் தொழிலை முடித்ததற்கு அந்தத் தேய்வே சான்று. யாரும் கேளாத தூய படியைவிட, ஊர் கேட்டுத் தேய்ந்த படியே இசையின் நோக்கத்துக்கு நெருங்கியது என்று சொல்வதில் மிகையில்லை.

மணிமேகலை இன்று வாசிக்கக் கிடைப்பதே சேகரிப்பாளர்களின் உழைப்பால் என்பதையும் இங்கே மறக்கலாகாது. ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அரியவற்றைத் தேடுவதில் அவருக்கு இருந்த வேட்கை எந்தத் தட்டுச் சேகரிப்பாளருடைய வேட்கைக்கும் குறைந்ததன்று. ஆனால் அந்த வேட்கை, தேடிய பொருளின் அருமையை ஒழிப்பதையே தன் முடிவாகக் கொண்டிருந்தது. கிடைத்த ஏட்டை அச்சேற்றிய கணத்தில் அந்த நூல் அரியது என்னும் நிலையை இழந்தது, அதற்காகவே அவர் அலைந்தார்.

இனி விதியைப் பற்றிய அந்தத் தலைப்புகளுக்கு வரலாம். தட்டில் ஓடும் முள்ளுக்கு விடுதலை இல்லை; வெட்டப்பட்ட வரியை விட்டு விலகினால் இசை கெடும். சித்தாந்தம் பிராரத்தம் என்று கூறும் வினை, முற்பிறப்புகளில் ஈட்டியவற்றுள் இப்பிறவியில் நுகர்வதற்கென முகந்துகொண்டது, அதே தன்மையது. உடலோடு வந்த அதனை நுகர்ந்தே தீர வேண்டும். ஆனால் நுகரும்போது ‘எனது’ என்று பற்றினால் ஆகாமியம் என்னும் புதுவினை ஏறுகிறது, பற்றாமல் நுகர்ந்தால் ஏறுவதில்லை. குச்சனூரில் சனீஸ்வரர் முன் எள்விளக்கு ஏற்றி நிற்பவர், கிரகம் மாறாது என்றும் நம்புகிறார், வேண்டினால் தாங்கும் வலிமை வரும் என்றும் நம்புகிறார். இரண்டும் முரண் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. இளையராஜாவின் தொகுப்பு விதிக்கப்பட்டது என்று சொன்ன பின் எதையும் செய் என்று சொல்வதற்கு இடம் விடுவதும் இதனோடு ஒத்த நிலையே. வரி மாறாது, கேட்பவர் மாறலாம். எந்தத் தட்டு எத்தனை படி அச்சாகும், எது எரியும், எது தப்பும் என்பவை சேகரிப்பாளரின் கையில் இல்லை. தப்பியது தம் கைக்கு வந்தபின் அதனை என்ன செய்வது என்பது மட்டும் முழுவதும் அவருடையது.

அந்தச் செயலை வாழ்நாளிலேயே செய்வதற்கும் மரணம் செய்துமுடிக்கும்படி விடுவதற்கும் வேறுபாடு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகத் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள், 1992இல் அவர் இறந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, நாட்டை விட்டு வெளியேறாமல், 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயின. வாழ்நாளில் திரட்டியவர் ஒருவர், பொதுவாக்கியவர்கள் வேறு சிலர். அறத்தின் பயன் மக்களுக்குக் கிடைத்ததில் ஐயமில்லை, அது மிகப் பெரிய பயன். ஆனால் பற்று நீங்குதல் என்னும் உள்நிகழ்ச்சி நூலகத்தின் திறப்புவிழாவில் நிகழ்வதன்று. நீள்தட்டுகளைத் தேடும் இன்றைய தலைமுறைக்கு அந்த வாய்ப்பு முன்னெப்போதையும்விட எளிதாக இருக்கிறது: தட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அதன் ஒலியைப் படியெடுத்து, உரிமையுடையவரின் இசைவோடு ஒரு நூலகத்துக்கோ மறுவெளியீட்டாளருக்கோ கொடுத்துவிட ஒரு பிற்பகல் போதும். மிகுபொருள் விரும்பாமை என்னும் இல்லறத்தாரின் நோன்பு கோருவதும் பொருளைத் தூக்கியெறிவதையன்று, இந்த ஒரு பிற்பகலைத்தான்.